படம் நிக்குது

எங்கள் தெருவில் யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தால் ஆள் தேட வேண்டியதில்லை. அபூ சஜ்ஜாத் இருக்கிறான். ரொட்டிக்கடை மாடியில் இரும்புக் கோபுரம் ஒன்றை நட்டு, அங்கிருந்து எங்கள் பேட்டை முழுதுக்கும் இண்டர்நெட் விற்கிறவன். எங்கள் மொட்டைமாடியில் அவன் மாட்டிவிட்டுப் போன வெள்ளைத் தட்டு ஒன்று அவனுடைய கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். மாதம் பிறந்தால் நாற்பதாயிரம் தினார். வாங்குகிற காசுக்கு அவன் ஒழுங்காகத் தந்தது காரணங்களை மட்டும்தான். புழுதிக்காற்று அடித்தால் புழுதி. மழை தூறினால் மழை. பள்ளிப் பரீட்சை வந்தால், பிள்ளைகள் காப்பியடிக்காமல் இருக்க அரசாங்கம் காலையில் நாடு முழுக்க நெட்டை நிறுத்துகிறதே, அது. இவை எதுவும் இல்லாத நாளில் எங்கோ கடலுக்கடியில் கேபிள் அறுந்துபோகும்.

"என் கண்ணு உம் லைத், நான் என்ன பண்ணுவேன்? கடல்ல நானா முங்கி ஒட்டவைக்க முடியும்?" என்பான்.

"உனக்கு வர்ற காசு மட்டும் அறுபடாம வந்துடுது பாரு" என்பேன்.

எனக்கு நெட் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். என் கணவருக்குத்தான் அது வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமை மதியம் மட்டும். அவர் பெயர் வமீத். மகன் லைத் பிறந்த நாளிலிருந்து ஊருக்கும் எனக்கும் அவர் அபூ லைத், லைத்தின் அப்பா; நான் உம் லைத், அவனுடைய அம்மா. பள்ளியில் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்பிள்ளைகள் பிறந்த அவர் வீட்டில் இந்த நாடு மிச்சம் வைத்தது இரண்டு பேரை. பாக்தாதில் இவர், ஸ்வீடனில் மால்மோ என்ற ஊரில் இவருடைய அண்ணன் நிஸார்.

நிஸார் அண்ணன் போனது, தெருவுக்குத் தெரு ஆளைக் கொன்ற கெட்ட வருஷத்தில். வாசற்படியில் யாரோ ஒரு துப்பாக்கிக் குண்டை வைத்துவிட்டுப் போனார்கள்; ஊரை விட்டுப் போ, இல்லையென்றால் இது உனக்கு என்று அர்த்தம். மறுநாளே கிளம்பிவிட்டார். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மனைவியும் பிரிந்துவிட்டாள். குழந்தை இல்லை. நெஞ்சைப் பிளந்து ஒரு தடவை வைத்தியமும் ஆகிவிட்டது. அவருக்கு எதிர் வீட்டில் ஹோதான் என்று ஒரு சோமாலியப் பெண் இருக்கிறாள். வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் உண்டு, அவளுடைய நம்பர் எங்களிடம் உண்டு. இவ்வளவுதான் அவருடைய சுற்றம்.

ஒருமுறை, தான் இருக்கும் கட்டடத்தில் யாரோ ஒரு கிழவர் செத்து வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்தார் என்று நிஸார் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். "நாத்தம் வந்து கதவைத் தட்டிச் சொல்லிச்சாம்" என்றார். நான் சிரித்தேன். அபூ லைத் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

"அவன் அப்படிச் சாகக்கூடாது, கைதா. யாராவது ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்" என்று என் பெயரைச் சொல்லிச் சொன்னார்.

அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்து, சோறும் வெண்டைக்காய்க் குழம்பும் சாப்பிட்டு, மகன் வாங்கித் தந்த கணினியைத் திறந்துவைத்து இரண்டு பேரும் தவ்லி என்னும் பகடையாட்டம் ஆடுவார்கள். இங்கே ஒரு பலகை, அங்கே ஒரு பலகை. அவரவர் பகடையை அவரவர் உருட்டிக் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் காயை ஒரே மாதிரி நகர்த்த வேண்டும். நேர்மையான மனிதர்களுக்கு நல்ல ஏற்பாடு. இவர்களுக்கல்ல.

"என்னடா விழுந்தது?" என்பார் இவர்.

"துஷேஷ். ரெண்டும் ஆறு."

"எனக்குத் தெரியறது ரெண்டு வெள்ளைக் கட்டி. பகடையா சர்க்கரையா அது?"

"அதுக்கு நான் என்ன பண்ண? என் லைன் தண்ணி மாதிரி ஓடுது. உன் ஆள்தான் படத்தைக் கழுதை மேல ஏத்தி அனுப்புறான்."

அது என்னவோ உண்மை. அந்தப் பக்கம் ஒரு குறையும் கிடையாது. எல்லாக் குறையும் எங்கள் பக்கம்தான். நிஸார் அண்ணனின் முகம் பாதி வந்து, மீதி வராமல் நிற்கும். வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு இன்னொரு பக்கம் வரும். கரண்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் எல்லாம் அணைந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். "படம் நிக்குது" என்று இவர் கத்துவார். எங்கள் வீட்டில் அல்லாவின் பெயருக்கு அடுத்தபடியாக அதிகம் சொல்லப்பட்ட வார்த்தை அதுதான்.

கத்திவிட்டு மாடிக்கு ஓடுவார். கொதிக்கிற வெயிலில் தட்டைக் கொஞ்சம் இப்படித் திருப்புவார், கொஞ்சம் அப்படித் திருப்புவார். நான் படிக்கட்டின் கீழே நிற்பேன்.

"இப்போ?"

"நிக்குது."

"இப்போ?"

"இன்னும் நிக்குது. கீழ வாங்க, மண்டை வெடிச்சுடும்."

அப்படி ஒரு நாள் நான் திரும்பிப் பார்த்தால், வாயைப் பிளந்து கையைத் தூக்கியபடி உறைந்துபோயிருந்த நிஸார் அண்ணன் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினார். படம் நிற்கவே இல்லை. ஆட்டத்தில் தோற்கிற நேரம் வந்ததும் மனுஷர் அசையாமல் உட்கார்ந்து, தம்பியை மாடிக்கு விரட்டிவிட்டிருக்கிறார். நான் காட்டிக் கொடுக்கவில்லை. எனக்கும் அன்றைக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

பிறகு இவரும் கண்டுபிடித்துவிட்டார். அதற்கப்புறம் அதுவே ஆட்டத்துக்குள் ஓர் ஆட்டமாகிவிட்டது. அண்ணன் நிற்பார். தம்பி, இது நெட்டா நடிப்பா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பாதி நாள் நெட், பாதி நாள் நடிப்பு. ஆனால் இவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார்: படம் கொஞ்ச நேரத்துக்கு மேல் நின்றால் இணைப்பை வெட்டிவிட்டுப் போனில் கூப்பிடுவார். போனை எடுத்து நிஸார் அண்ணன், "தோத்துட்டேன்னு ஒத்துக்கிறியா?" என்று கேட்டால்தான் இவருக்கு மூச்சு வரும்.

ஒரு தடவை போனையும் எடுக்கவில்லை. இவர் உடனே ஹோதானைக் கூப்பிட்டார். அவள் சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே ஓடியிருக்கிறாள். நிஸார் அண்ணன் குளித்துவிட்டு, ஜட்டியோடு நின்றுகொண்டு, சட்டியிலிருந்தே முட்டையைத் தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

"டேய், அந்தப் பொம்பளை முகத்துல நான் இனிமே எப்படி முழிப்பேன்? நான் செத்தாலொழிய அவளை அனுப்பாத" என்று அன்றைக்குப் போட்ட சத்தம் நெட் இல்லாமலே பாக்தாதுக்குக் கேட்டிருக்கும். இவர் காது மடல் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

இந்த வருஷம் வசந்தத்தில் தெருவைத் தோண்டினார்கள். ஃபைபராம். கண்ணாடி நூல் வழியாக வெளிச்சமாக வருமாம், நிற்காதாம். கம்பெனிப் பையன்கள் வீடு வீடாக வந்து காகிதம் கொடுத்தார்கள். அபூ சஜ்ஜாதுக்குக் கொடுப்பதைப்போல இரண்டு மடங்கு கேட்டார்கள், அதற்கு மேல் மாட்டுகிற கூலி.

"வேணாம். ஜெனரேட்டர்காரனுக்கு அழுவுறது போதாதா? பல்லுக்கு வெச்சிருக்கிற காசு, அதுல கைவைக்காதீங்க" என்றேன். அவருக்கு முன்பற்கள் மூன்று விழுந்து போயிருந்தன. கட்டிக்கொள்வதற்காகப் பென்ஷனில் சேர்த்து வைத்திருந்தார்.

"பல்லு இல்லாம சோறு இறங்குது. அவன் முகம் தெரியாமத்தான் இறங்கல" என்றார்.

வியாழக்கிழமை வந்து மாட்டினார்கள். மாடித் தட்டை இவரே கழற்றி, துடைத்து, கோழிக்கூண்டின் மேல் கவிழ்த்துவைத்தார்.

வெள்ளிக்கிழமை படம் வந்ததும் இரண்டு பேரும் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். இத்தனை வருஷம் சேறு அப்பின மாதிரித் தெரிந்த அறை முழுசாகத் தெரிந்தது. ஜன்னலோரம் ஒரு பூத்தொட்டி இருப்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். நிஸார் அண்ணனின் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறம்.

"உனக்கு இவ்வளவு வயசாயிருச்சாடா? நெட்டு மோசமா இருந்தப்ப நீ அழகா இருந்தே" என்றார் அவர்.

"உன் முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"வெயில் இல்லாத ஊருடா. நீ பகடையைப் போடு."

"சிகரெட்டு புடிக்கிறியே, டாக்டர் விட்டுடச் சொல்லலை?"

"நேத்து வரைக்கும் உனக்குத் தெரியாம புடிச்சேன். இந்த ஃபைபர் எனக்கு வேணாம், திருப்பிக் குடுத்துடு."

இவர் வாயெல்லாம் சிரிப்பு. பல் இல்லாத இடம் எல்லாம் தெரிய. நான் பாத்திரம் கழுவப் போனேன். சமையலறைக்கு இவர்கள் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பகடை மரத்தில் விழுகிற சத்தம், வசவு, சிரிப்பு. ஒரு கட்டத்தில் இவர், "மாட்டினியா, மாட்டினியா, இனி உனக்கு வழியே இல்ல" என்றது கேட்டது. அதன் பிறகு சத்தம் இல்லை.

டீயைக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இவர் கணினி முன்னால் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணைக்கூட இமைக்கவில்லை. எதிரே நிஸார் அண்ணனும் அப்படியே. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கண் பாதி மூடி, பலகையைப் பார்த்தபடி. ஒரு கை நாற்காலிப் பிடியில், விரலிடுக்கில் சிகரெட்.

"படம் நிக்குதா?" என்றேன்.

இவர் உதட்டை அசைக்காமல் பேசினார். "நிக்கல. பின்னால பாரு, திரைச்சீலை ஆடுது. தோக்கப் போறான்ல, நடிக்கிறான். இன்னைக்கு மாடிக்கு நான் போகப்போறதில்ல. யார் முதல்ல அசையறான்னு பாக்கலாம்னு நானும் உக்காந்துட்டேன்."

உண்மைதான். ஜன்னல் திரை காற்றில் மெல்ல உள்ளே வந்து வெளியே போனது. சிகரெட் புகைகூட நூல் மாதிரி மேலே போவது தெரிந்தது. லைன் அவ்வளவு சுத்தம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு கிழவர்கள், இரண்டு நாட்டில், யார் முதலில் கண்சிமிட்டுவது என்று. இவர் மெதுவாக ஆயுதத்தை எடுத்தார். அசையாமல் உட்கார்ந்தபடியே உதட்டை மட்டும் விரித்து, அந்த மூன்று பல் ஓட்டையைக் காட்டி ஒரு இளிப்பு. அதைப் பார்த்தால் நிஸார் அண்ணனால் எப்போதும் தாங்க முடியாது. சின்ன வயசிலிருந்தே தம்பி இளித்தால் அண்ணன் தோற்றுவிடுவாராம்.

நான் திரைக்கு முன்னால் குனிந்தேன். எனக்கு வழக்கமாக ஒரு கண் சிமிட்டுவாரே, அதற்காக. "நிஸார் அண்ணே, எனக்கு மட்டும்" என்றேன்.

சிமிட்டவில்லை.

அப்போதுதான் சிகரெட்டைப் பார்த்தேன். சாம்பல் நீளமாக வளைந்து தொங்கியது. நான் பார்க்கும்போதே உடைந்து, அவர் முழங்கால் மேல் விழுந்து சிதறியது. நெருப்பு விரல்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. நடுவிரல் ஓரத்தில் தோல் கறுப்பதுகூட எனக்குத் தெரிந்தது. விரல் அப்படியே இருந்தது.

"அபூ லைத்," என்றேன், "அவர் விரலு சுடுது."

"சுடட்டும். வீம்புக்கு உக்காந்திருக்கான்."

"விரலு சுடுதுங்க."

இவர் பார்த்தார். பலகை கீழே விழுந்து காய்கள் கட்டிலுக்கடியில் ஓடின. "நிஸார்" என்று கூப்பிட்டார். பிறகு அவனே இவனே என்று, கெட்ட வார்த்தையில், பிறகு "அண்ணே" என்று. ஐம்பது வருஷத்தில் இவர் அவரை அண்ணே என்று அழைத்து நான் கேட்டதில்லை. ஹோதானின் நம்பரை நான்தான் போட்டேன்.

அவள் வந்ததையும் பார்த்தோம். கதவு திறந்தது, அவளுடைய நீல முக்காடு தெரிந்தது. சிகரெட்டைத் தட்டிவிட்டாள், தோளைக் குலுக்கினாள், கழுத்தில் விரல் வைத்தாள். "சூடு இருக்கு, மூச்சு கொஞ்சம் இருக்கு" என்றாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த அரபியில் கேட்டாள்: "எவ்வளவு நேரமா இப்படி இருக்காரு? அவங்க கேக்கறாங்க."

இவர் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. ஹோதான் இன்னொரு தடவை கேட்டாள். அவளுக்குப் படம் நின்றுவிட்டதோ என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். கணினியைத் தட்டிப் பார்த்தாள்.

"ரொம்ப நேரமா" என்று நான் சொன்னேன்.

பச்சைச் சட்டைக்காரர்கள் வந்தார்கள். அவரைத் தரையில் படுக்கவைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் எங்களுக்குத் தெரியவில்லை. வெறும் நாற்காலிதான் தெரிந்தது. போகிற போக்கில் யாரோ ஒருவர் கணினியை மூடினார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது என்று ஹோதான் மாலையில் சொன்னாள். மூளையில் ரத்தம் கட்டிவிட்டதாம்.

அடக்கத்தை அவளுடைய மகன் போனில் காட்டினான். மண்ணின் ஈரம்கூடத் தெரிந்தது. ஒரு இடத்தில்கூடத் தடங்கவில்லை. எனக்கு அந்தக் கம்பியைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

மூன்று நாள் ஃபாத்திஹா ஓதும் துக்கத்துக்கு ஊரே வந்தது. அபூ சஜ்ஜாதும் வந்தான். கசப்புக் காப்பியைக் குடித்துவிட்டு, "பேசிட்டு இருக்கும்போதே ஆச்சாமே. நல்லவேளை, என் லைன் இல்ல. இருந்திருந்தா நீ என்னை மன்னிச்சிருக்க மாட்ட" என்றான்.

அபூ லைத் அவனை நிமிர்ந்து பார்த்தார். "உன் லைனா இருந்திருந்தா நின்னுபோச்சுன்னு நினைச்சு வெட்டியிருப்பேன். போன் போட்டிருப்பேன். எடுக்கலைன்னதும் ஹோதானைக் கூப்பிட்டிருப்பேன்" என்றார். "காசு குடுத்து நல்ல லைன் வாங்கினேன், அபூ சஜ்ஜாத்."

அபூ சஜ்ஜாத் அழுதுவிட்டான். அவனை அத்தனை வருஷம் திட்டியதற்கெல்லாம் நான் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எல்லாரும் போன பிறகு இவர் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன். "நீங்க ஆசைப்பட்ட மாதிரி அவர் தனியா போகல. நீங்க பாத்துட்டேதான் இருந்தீங்க."

"ஆமா, பாத்துட்டேதான் இருந்தேன்" என்றார். "அவன் முகத்தைப் பாத்து இளிச்சிட்டு இருந்தேன், கைதா."

அதற்குப் பிறகு நான் ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டேன். லைத் பஸ்ராவிலிருந்து கூப்பிட்டால் படத்தில் பேச மாட்டார். நானாக வற்புறுத்திக் கொடுத்தால், "கையை ஆட்டுடா, ஆட்டிக்கிட்டே பேசு" என்பார். பிள்ளையும் பாவம், கையை ஆட்டிக்கொண்டே பேசுவான்.

போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் வந்தாள். புதிய வாடிக்கையாளர்களிடம் சேவை எப்படி என்று கேட்கிறார்களாம். இனிமையான குரல், நம் லைத்துக்குப் பார்க்கலாம் போன்ற பெண். நான் போனைப் பிடுங்க எழுந்தேன். இவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"மாமா, வேகம் எல்லாம் சொன்னபடி வருதா?"

"வருதும்மா."

"வீடியோ பேசறப்ப படம் எங்கயாவது நிக்குதா?"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் இரண்டு முறை, "மாமா, கேக்குதா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேம்மா" என்றார். "படம் ஒரு தடவைகூட நிக்கல. நான்தான் நிக்குதுன்னு நினைக்காம போயிட்டேன்."

அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.